கணுக்கால் சுளுக்கும் முக்கால் டீச்சரும்

அவசரச் சிகிச்சைப் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக நர்ஸாக இருப்பவளை யாரும் சுலபத்தில் வாயடைக்க வைத்துவிட முடியாது. வாந்தி எடுப்பவர், மயங்கி விழுபவர், குடித்துவிட்டு வந்து ஊசியைப் பிடுங்கி எறிபவர் என்று எல்லோரையும் ஒரு கையால் சமாளித்து மறு கையால் கேஸ் ஷீட் எழுதுகிறவள் அவள். அப்படிப்பட்டவளை ஒரே வார்த்தையில் வாயடைக்க வைத்தவள் ஒருத்தி உண்டு. அது அவளுடைய அண்ணி.

அண்ணனுக்குக் கல்யாணம் ஆன புதிது. நர்ஸ் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டாள்.

"டீ நல்லாருக்கா அண்ணி?"

"முக்கால்," என்றாள் அண்ணி.

நர்ஸ் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் ஜன்னலுக்கு வெளியே ஏதோ அதிசயம் நடப்பதுபோல அங்கே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முக்கால்னா?"

"முக்கால்வாசி நல்லாருக்கு. சூடு முழுசா சரி, இனிப்பும் சரி. கொதிக்கறதுக்குள்ள இறக்கிட்ட மாதிரி இருக்கு. முக்கால்ங்கறது நல்ல மார்க்தான், கோவிச்சுக்காத."

நர்ஸ் கோபித்துக்கொண்டாள். ஒரு வாரம் டீயே போடவில்லை. அவளுக்கு எரிச்சல் எதில் என்றால், கொதிப்பதற்கு முன்னால் இறக்கியது உண்மை.

அண்ணி கணக்கு ஆராய்ச்சி செய்கிறவள், கல்லூரியில் பாடமும் எடுக்கிறவள். அவள் துறைக்கு ஃபஸி லாஜிக் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. நாம் பள்ளியில் படித்த கணக்குக்கு எதுவுமே ஒன்று உண்டு, அல்லது இல்லை. ஒருவன் உயரமானவன், இல்லாவிட்டால் உயரமில்லாதவன்; இரண்டுக்கும் நடுவில் நிற்கிற பாவப்பட்டவனுக்கு அங்கே இடம் கிடையாது. அண்ணியின் கணக்கு அந்த நடு ஆளுக்கானது. 'கொஞ்சம் உயரம்', 'ஓரளவு உயரம்', 'நல்ல உயரம்' என்று நாம் வாய்க்கு வந்தபடி சொல்வதையெல்லாம் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே ஓர் எண்ணாக வைத்து, அந்த எண்களைக் கொண்டு எப்படி முடிவெடுப்பது என்று கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுப்பது. நர்ஸுக்குப் புரிந்தது இவ்வளவுதான். நமக்கும் இது போதும்.

இந்தப் புத்தி அண்ணிக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது என்று அவளுடைய அம்மா சொல்வாள், பெருமையாக அல்ல, புகாராக. அப்பா பஸ் கண்டக்டர், அம்மா தையல் வேலை, இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர். ஆறாம் வகுப்பில் அண்ணிதான் வகுப்புத் தலைவி. ஒரு நாள் டீச்சர் வருகைப் பதிவேட்டை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால் ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே அரை என்று எழுதியிருந்தது. கேட்டதற்கு, "அவ காலைலேர்ந்து தூங்கறா டீச்சர். உடம்பு வந்திருக்கு, ஆள் வரல," என்றாளாம். பதிவேட்டைக் கெடுத்ததற்காக அன்றோடு தலைவி பதவி போயிற்று. அப்போதும் அவள், தான் எழுதியது தப்பு என்று ஒப்புக்கொள்ளவில்லை.

டாக்டர் பட்டம் வாங்க ஏழு வருஷம் பிடித்தது. வாரத்துக்கு இருபது வகுப்பு எடுத்துக்கொண்டே, சமையலறை மூலையில் ஒரு மடக்கு மேஜையைப் போட்டு எழுதினாள். குக்கர் ஆவி பட்டுப் பட்டு அந்தத் தாள்களெல்லாம் அப்பளம் மாதிரி வளைந்திருக்கும். துறைத் தலைவர் அவளை வராந்தாவில் பார்க்கும்போதெல்லாம், "என்னம்மா, உன் மழுப்பல் கணக்கு எதுவரைக்கும் வந்திருக்கு?" என்பார். அவளும் சளைக்காமல், "முக்காலுக்கு வந்துடுச்சு சார்," என்பாள். பட்டம் வாங்கிய அன்றைக்கு அவர் கைகொடுத்தார். அப்போதும் முழு மனதோடு கொடுத்ததாகச் சொல்ல முடியாது.

இனி நர்ஸின் ஆஸ்பத்திரிக்கு வருவோம். அவசரப் பிரிவுக்குள் வருகிறவர்களின் கையில் ஓர் அட்டையைக் கொடுப்பார்கள். சிவப்பு என்றால் அந்த நிமிஷமே உள்ளே. பச்சை என்றால் உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம். சிவப்பிலும் பச்சையிலும் சண்டையே வராது. இடையில் மஞ்சள் இருக்கிறதே, அங்கேதான் எல்லா ரகளையும். மஞ்சள் நாற்காலிகள் பன்னிரண்டு. பன்னிரண்டிலும் ஆள் இருக்கும்போது யாரை முதலில் கூப்பிடுவது என்பது மூத்த நர்ஸின் பாடு. கூப்பிடப்படாத பதினொரு பேரின் சொந்தக்காரர்களும் அவளைப் பார்க்கிற பார்வையில் ஒரு டம்ளர் பால் திரிந்துவிடும்.

ஒரு நாள் யாரோ பிடித்து இழுத்ததில் யூனிஃபார்ம் கை கிழிந்து அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அண்ணி ஊசிநூல் எடுத்துத் தைத்துக்கொடுத்தபடியே கேட்டாள்.

"மஞ்சள்ல பன்னிரண்டு பேர் இருந்தா யாரை முதல்ல கூப்பிடணும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பார்த்தா தெரியும் அண்ணி."

"எதைப் பார்த்தா?"

நர்ஸ் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பத்தாயிரம் பேரைக் கூப்பிட்டவளுக்கு, எதைப் பார்த்துக் கூப்பிட்டோம் என்று சொல்லத் தெரியவில்லை.

அந்த வாரத்திலிருந்து எட்டு மாதம், ஒவ்வொரு சனிக்கிழமையும் அண்ணி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பெரிய டாக்டரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, ஆக்ஸிஜன் சிலிண்டர்களுக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நர்ஸ்கள் பேசிக்கொள்ளும் வார்த்தைகளை நோட்டில் எழுதினாள். நோயாளிகளை அல்ல, வார்த்தைகளை. 'கொஞ்சம் மூச்சு வாங்குது', 'முகம் சரியில்ல', 'வலி இருக்கு, ஆனா தாங்கறார்'. எழுதிவிட்டு, அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று குடைவாள். நர்ஸ்கள் அவளுக்கு முக்கால் டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். யார் போய் அந்த டீக் கதையைச் சொன்னது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணி கண்டுபிடித்த முதல் விஷயம் இது: ஒருத்தியின் 'கொஞ்சம்' இன்னொருத்தியின் 'கொஞ்சம்' அல்ல. நெட்டை நர்ஸ் என்று ஒருத்தி இருந்தாள், சுனாமி வந்தாலும் 'தண்ணி கொஞ்சம் ஏறியிருக்கு' என்கிற ரகம். அவள் 'கொஞ்சம் மூச்சு வாங்குது' என்று சொன்னால் ஓட வேண்டும். புதிதாகச் சேர்ந்த நர்ஸ் 'பயங்கரமா வலிக்குதாம்' என்று சொன்னால் நடந்தே போகலாம். இது அந்தப் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எழுதி வைத்தவர் யாருமில்லை. அண்ணி ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாக எழுதினாள். யாருடைய 'கொஞ்சம்' எந்த எண், யாருடைய 'ரொம்ப' எந்த எண் என்று. அதையெல்லாம் சேர்த்து, மஞ்சள் நாற்காலிக்காரர்களை வரிசைப்படுத்துகிற ஒரு முறையை உருவாக்கினாள்.

பழைய கேஸ் ஷீட்டுகளிலிருந்து யாரை முதலில் கூப்பிடுவது என்று முடிவெடுத்த ஆயிரத்து இருநூறு தருணங்களை எடுத்து அந்த முறையில் ஓட்டிப் பார்த்தார்கள். மூத்த நர்ஸ்கள் அன்றைக்கு யாரை முதலில் கூப்பிட்டார்களோ, பெரும்பாலும் அவர்களையே அண்ணியின் கணக்கும் கூப்பிட்டது. நல்ல ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றில் கட்டுரை வந்தது. கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர் ஆறு மாதம் உட்கார்ந்து மென்பொருள் எழுதினார். நர்ஸ் தன் பங்குக்குப் பெரிய டாக்டரின் அறைக்குப் போய், "இதுக்கு நான் பொறுப்பு டாக்டர்," என்று சொல்லிவிட்டு வந்தாள். நம்பாமல் முணுமுணுத்த மற்ற நர்ஸ்களிடமும் அதையேதான் சொன்னாள். ஒரு மாதம் திரையில் சும்மா ஓட விட்டுப் பார்ப்பது, அதன்படி யாரையும் கூப்பிடாமல். பிறகு ஒரு திங்கட்கிழமை நிர்வாகக் குழு கையெழுத்துப் போடுவது என்று முடிவாயிற்று. அதே வாரம் புதன்கிழமை, கல்லூரியில் அண்ணிக்குப் பேராசிரியர் பதவிக்கான நேர்முகம். அந்த முறையை ஏற்றுக்கொண்டதாக ஆஸ்பத்திரி தரும் கடிதம் கையில் இருந்தால் பதவி அவளுக்குத்தான் என்று எல்லோருமே சொன்னார்கள்.

கையெழுத்துக்கு நான்கு நாள் முன்பு, வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணி. மஞ்சள் நாற்காலிகளில் அன்று இரண்டே பேர். ஒருவர் வயிற்றுவலியோடு வந்த தச்சர். இன்னொருத்தி மூச்சுத்திணறலோடு வந்த நூலகர். திரையில் தச்சர் முதலில், நூலகர் இரண்டாவது. நர்ஸும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து, வாரக்கணக்கில் அசையாத உடம்போடு பந்து விளையாடப் போன பாங்க் ஆபீசர் ஒருவர் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். வலி எவ்வளவு என்று கேட்டதற்கு, கண்ணை மூடிக்கொண்டு, "பத்துக்குப் பத்து," என்றார். அவர் விவரத்தைத் தட்டியதும் அவர் பெயர் மூன்றாவதாகப் போய் உட்கார்ந்தது. அது சரிதான்.

ஆனால் மேலே இருந்த இரண்டு பெயரும் இடம் மாறிவிட்டன. இப்போது நூலகர் முதலில், தச்சர் இரண்டாவது.

நர்ஸ் திரையைப் பார்த்தாள். தச்சரைப் பார்த்தாள். அவர் அப்படியேதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நூலகரும் அப்படியே. ஏதோ தப்பாகத் தட்டிவிட்டோம் என்று நினைத்துப் பாங்க் ஆபீசரின் பெயரை அழித்தாள். தச்சர் மறுபடி முதலில் வந்தார். ஆபீசரைச் சேர்த்தாள். தச்சர் இறங்கினார். நான்கு தடவை செய்து பார்த்தாள்.

"எவனுக்கோ கால் சுளுக்கினா இவருக்கு வயித்துவலி குறைஞ்சுடுமா?" என்று தனக்குத்தானே சொன்னாள்.

அதைக் கவனித்தவள் அவள் ஒருத்திதான். வாயைத் திறக்காமல் இருந்தால் திங்கட்கிழமை வரும், போகும். புதன்கிழமையும் வரும், போகும். ஆயிரத்தில் ஒரு தடவை நடக்கிற கோளாறாக இருக்கும், பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று ஒரு மனம் சொல்லிற்று. ஷிஃப்ட் முடிகிற வரை அந்த மனம் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. சாயங்காலம் பஸ் ஏறும்போதுகூட, அண்ணன் வீட்டுக்குப் போகலாமா, தன் வீட்டுக்கே போய்விடலாமா என்று அவள் முடிவு செய்யவில்லை. இறங்கியது அண்ணன் வீட்டு ஸ்டாப்பில்.

அண்ணி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். லிஃப்ட் மெக்கானிக்கான அண்ணன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கிரீஸ் போகக் கை கழுவிக்கொண்டிருந்தான். நர்ஸ் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் நடந்ததைச் சொன்னாள். அண்ணி மூன்று பேருக்குமான எண்களைக் கேட்டு வாங்கி, ஒரு விடைத்தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. முகத்தில் ஈயாடவில்லை.

"நீ பார்த்தது சரி," என்றாள்.

"எப்படி அண்ணி இப்படி ஆகும்?"

"ரூம்ல யாருக்கு வலி அதிகமோ அவருக்கு முழு மார்க். மத்தவங்களுக்கு அவரோட ஒப்பிட்டு மார்க். அப்படித்தான் வச்சிருக்கேன். தச்சர் ஆறு சொன்னார், அவர்தான் அதிகம், முழு மார்க் வாங்கிட்டார். இந்த ஆள் வந்து பத்துன்னு சொன்னதும் தச்சரோட மார்க் விழுந்துடுச்சு. நூலகரோட மூச்சுத்திணறல் மார்க் அப்படியே நின்னதால அவங்க மேல போயிட்டாங்க." பேனாவை மூடினாள். "இது எங்க துறையில எல்லாருக்கும் தெரிஞ்ச வியாதி. அடுத்தவங்க கட்டுரை வந்தா, இது இருக்கான்னு கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத் தேடுவேன். என்னோடதுல தேடல."

ஆயிரத்து இருநூறு தருணங்களில் சோதித்தவள், ஒவ்வொன்றையும் புகைப்படம்போல அசையாமல் நிறுத்தி வைத்துத்தான் சோதித்திருந்தாள். வரிசை போட்டு முடித்த பிறகு இன்னும் ஓர் ஆள் உள்ளே வந்தால் என்ன ஆகும் என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கணக்குப் போடுகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. ஆஸ்பத்திரி வாசல் கதவு ஒரு நாளும் மூடுவதில்லை என்பது வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும்.

அண்ணன் துண்டில் கை துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். "திங்கட்கிழமை கையெழுத்து ஆகட்டும். புதன்கிழமை முடியட்டும். அப்புறம் சரி பண்ணிக்கலாமே."

"இல்லைங்க. திங்கட்கிழமை போய்ச் சொல்லணும்."

"உன் தலையில நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கணுமா? எல்லாத்தையும் கொஞ்சம் சரி, கொஞ்சம் தப்புன்னு சொல்ற ஆள்தானே நீ. இதையும் கொஞ்சம் தப்புன்னு வச்சுக்கோயேன்."

"கொஞ்சம் தப்புதான். எவ்வளவு கொஞ்சம்னு எண்ணிப் பார்த்துட்டு அதையே சொல்றேன். ஆனா சொல்வேன்."

நர்ஸும் அண்ணன் பக்கம் சாய்ந்து பேசிப் பார்த்தாள். பார்த்தது தான் ஒருத்திதான், வேறு யாருக்கும் தெரியாது என்றாள். அண்ணி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னிக்கு நீ அங்க இருந்தே, பார்த்துட்ட. நீ லீவு எடுக்கற அன்னிக்கு அந்தத் தச்சர் வந்தா?"

அண்ணி அப்போதே அந்த ஆராய்ச்சிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினாள்: என் கட்டுரையில் தப்பு இருக்கிறது, இன்ன இடத்தில், இன்ன தப்பு, திருத்தம் என்னிடம் இன்னும் இல்லை. பிறகு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் மடக்கு மேஜையில் உட்கார்ந்து, பழைய ஆயிரத்து இருநூறு தருணங்களிலும் ஒவ்வோர் ஆளாகச் சேர்த்துச் சேர்த்து ஓட்டிப் பார்த்தாள். நர்ஸ் லீவு போட்டுவிட்டு வந்து விவரங்களை வாசித்துக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எண்ணி முடித்தபோது அறுபத்து மூன்று இடங்களில் வரிசை புரண்டிருந்தது. அண்ணி குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் விழுகிற சத்தத்தையும் மீறி அழுகை கேட்டது. நர்ஸ் கேட்காததுபோல இருந்தாள். வெளியே வந்த அண்ணி, டீ இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமை, குழு அறை. நீள்வட்ட மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், நிர்வாக அதிகாரியின் கையில் மூடி கழற்றிய பேனா. அண்ணி எழுந்து நின்று, "இன்னிக்கு நீங்க கையெழுத்துப் போடக்கூடாது," என்று ஆரம்பித்தாள். தச்சர், நூலகர், பாங்க் ஆபீசர் கதையைச் சொன்னாள். அறுபத்து மூன்று என்ற எண்ணையும் சொன்னாள். கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவருக்கு ஆறு மாத உழைப்பு. அவர் முகத்தை மேஜைக்குக் கீழே எங்கேயோ வைத்துக்கொண்டார்.

நிர்வாக அதிகாரி நல்ல மனிதர். "நூத்துக்கு அஞ்சுதானே வருது. பரவாயில்லையேம்மா," என்றார்.

"பரவாயில்லைங்கறதுக்கும் ஒரு எண் இருக்கு சார். எட்டு மாசம் சிஸ்டர்களைக் கேட்டு எழுதியிருக்கேன். மஞ்சள் நாற்காலி விஷயத்துல அவங்க பரவாயில்லைன்னு சொல்றது ஆயிரத்துக்கு ஒண்ணு. அதுக்கு மேல போனா பரவாயில்லைன்னு அவங்க சொல்றதில்லை."

பெரிய டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இதை யார் கண்டுபிடிச்சது?"

"மூத்த சிஸ்டர்," என்று அண்ணி கை காட்டினாள்.

"நீங்களா? உங்க அண்ணி கணக்கை நீங்களே கவுத்துட்டீங்களா?"

"நான் ஒரு கேள்விதான் கேட்டேன் டாக்டர். கவுத்தது அவங்களேதான்," என்றாள் நர்ஸ். சொன்ன பிறகுதான் தன் குரலில் இருந்த பெருமை அவள் காதிலேயே விழுந்தது. தப்பு செய்துவிட்டு வந்து நிற்கிறவளுக்காக இப்படியா நெஞ்சு நிமிரும் என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

புதன்கிழமை நேர்முகத்தில், ஆஸ்பத்திரிக் கடிதம் எங்கே என்று கேட்டார்கள். இல்லை என்றாள். ஏன் என்றார்கள். சொன்னாள். பதவி வேறொருவருக்குப் போயிற்று. அண்ணன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான், லிஃப்ட்டுகளோடுகூடச் சரியாகப் பேசியிருக்க மாட்டான். கல்லூரி வராந்தாவில் துறைத் தலைவர் அவளை நிறுத்தி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, ஒதுங்கி வழிவிட்டார்.

அண்ணி இரண்டு மாதம் வீட்டிலேயே உட்கார்ந்து திருத்தப் பார்த்தாள். இரண்டு வழி போட்டாள், இரண்டையும் தானே உடைத்தாள். பிறகு ஒரு சனிக்கிழமை மறுபடி வந்து அதே இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பல மாதமாக அந்த ஸ்டூலில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. நெட்டை நர்ஸ்தான் அதைத் துடைத்துக் கொடுத்தாள்.

"ஒருத்தர் வலி பத்துன்னு சொன்னா, நீ யாரோட ஒப்பிட்டுப் பார்த்து அதை நம்பற?" என்று அண்ணி கேட்டாள்.

"யாரோட?"

"ரூம்ல இருக்கற மத்தவங்களோடயா?"

"ரூம்ல இருக்கறவங்களோட யாராவது ஒப்பிடுவாங்களா அண்ணி? இத்தனை வருஷத்துல பார்த்தவங்களோடதான். முதுகெலும்பு உடைஞ்சு வந்த ஒருத்தர் இருந்தார். அவர்தான் எனக்குப் பத்து. மத்தவங்க எல்லாரும் அவருக்குக் கீழதான்."

அண்ணி அதை வார்த்தைக்கு வார்த்தை நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு, "இதை ஏன் நீ எட்டு மாசமா சொல்லல?" என்றாள்.

"நீங்க கேக்கல."

அன்றிலிருந்து வேலை வேறு மாதிரி நடந்தது. அறையில் இருப்பவர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிடுவதைத் தூக்கிப் போட்டார்கள். ஒன்பது நர்ஸ்களை ஒவ்வொருத்தியாக உட்கார வைத்து, நீ பார்த்ததிலேயே மோசமான மூச்சுத்திணறல் எது, மோசமான வலி எது, அதில் பாதி எப்படி இருக்கும், கால்வாசி எப்படி இருக்கும் என்று கேட்டு ஓர் அளவுகோல் செய்தார்கள். யார் உள்ளே வந்தாலும் போனாலும் நகராத அளவுகோல். நெட்டை நர்ஸிடம் மட்டும் மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது. அவளுக்கு எதுவுமே மோசமாகத் தெரியவில்லை.

நான்கு மாதம் கழித்துச் சோதனை. கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர் இந்தத் தடவை தானாகவே வந்து மென்பொருளை மாற்றி எழுதியிருந்தார். இரண்டு நோயாளிகளை வரிசையில் வைத்துவிட்டு, நர்ஸ்கள் எல்லோரும் சேர்ந்து பொய் நோயாளிகளாகப் போட்டுத் தாக்கினார்கள். பல்வலி, தீக்காயம், காய்ச்சல், சுளுக்கு என்று நூற்றுக்கணக்கில், வலி பத்து, வலி இருபது என்றெல்லாம். சிலர் மேலே வந்தார்கள், சிலர் கீழே போனார்கள். முதல் இரண்டு பேருக்குள் முந்துவது யார் என்பது மட்டும் ஒரு தடவைகூட மாறவில்லை. கடைசியில் நெட்டை நர்ஸ், "கொஞ்சம் நல்லாருக்கு," என்றாள். அறையில் இருந்த எல்லோரும் கைதட்டினார்கள். அவள் 'கொஞ்சம்' எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியுமே.

குழு கையெழுத்துப் போட்டது. ஆராய்ச்சிப் பத்திரிகையில் பழைய கட்டுரைக்குத் திருத்தமும், அடுத்த இதழில் புது முறையும் வந்தன. பேராசிரியர் பதவி மறு வருஷம் கிடைத்தது. அதைப் பற்றி வீட்டில் கால்மணி நேரம்தான் பேசினார்கள்.

முறை நடைமுறைக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு அண்ணன் உள்ளங்கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தான். லிஃப்ட் கதவில் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிக் கையைக் கிழித்திருந்தது. கூடவே அண்ணி. மேஜையில் இருந்த நர்ஸ் துணியை விலக்கிக் காயத்தைப் பார்த்தாள். விவரத்தைத் தட்டினாள். மஞ்சள். ஒன்பதாவது.

அண்ணன் திரையைப் படித்தான். "கணக்கு என் பொண்டாட்டி போட்டது. அளவு என் தங்கச்சி கொடுத்தது. அதுல எனக்கு ஒன்பதாவது இடமா?"

"ரத்தம் நின்னுடுச்சு. விரல் அஞ்சும் அசையுது. நான் கையால போட்டாலும் ஒன்பதுதான் வரும். உட்காருங்க," என்றாள் அண்ணி. பையிலிருந்து விடைத்தாள் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு திருத்தத் தொடங்கினாள். நர்ஸ் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பினால் அவளுக்குக் கஷ்டம் என்று தெரிந்துதான் திரும்பவில்லை.

முக்கால் மணி நேரம் போயிற்று. அண்ணன் ஆறாவது இடத்துக்கு வந்திருந்தான். ஐந்தாவது இடத்திலிருந்த அம்மாளின் மகன் மேஜைக்கு வந்து தட்டினான். "எங்க அம்மாவை எவ்வளவு நேரம் உட்கார வைப்பீங்க? ஆள் தெரிஞ்சவங்களை முன்னாடி விடறீங்க. எங்களுக்குத் தெரியாதா என்ன?"

நர்ஸ் அவனை உட்காரச் சொல்லவில்லை. பேனாவால் காட்டினாள். "உங்க அம்மாவுக்கு அடுத்த நாற்காலியில கையில துணி சுத்திக்கிட்டு உட்கார்ந்திருக்காரே, அவர் என் கூடப்பிறந்த அண்ணன். உங்க அம்மாவுக்குப் பின்னாடிதான் போவார்."

அவன் பார்த்தான். அண்ணன் வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தான். பக்கத்தில் ஒருத்தி சிவப்புப் பேனாவோடு தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"பக்கத்துல இருக்காங்களே, அவங்கதான் இந்த வரிசையையே உண்டாக்கினவங்க. முன்னாடி விடச் சொல்லி ஒரு வார்த்தை கேக்கல."

அவன் குரல் தணிந்துவிட்டது. "யாருங்க அவங்க, பெரிய டாக்டரா?"

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பெரிய டாக்டர்களின் பக்கத்தில் நின்றவள் நர்ஸ். அவர்களில் யாரைப் பற்றிச் சொல்லும்போதும் அவள் இப்படி நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை.

"இல்ல," என்றாள். "எங்க அண்ணி."

பிறகு திரையைப் பார்த்து, வரிசைப்படி அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.